பேரேடும் பேரும்

மலையக மக்களின் வரலாற்றை எழுத முற்படுவோரிடையே இரண்டு போக்குகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அரசாங்க ஏடுகளும் தோட்டக் கணக்குகளும் துரைமார் எழுதிவைத்தவை. அவற்றில் உழைப்பாளியின் உண்மை இராது. ஆகவே அவற்றைத் தொடவே வேண்டியதில்லை என்பது ஒரு போக்கு. ஏட்டில் இல்லாதது வரலாறே ஆகாது. கோப்பின் இலக்கத்தைச் சுட்டிவிட்டால் ஆராய்ச்சி முற்றுப்பெற்றது என்பது மற்றொரு போக்கு. முன்னது உணர்ச்சி மிகுந்த கட்டுரைகளையும் மேடைப்பேச்சுகளையும் நமக்கு நிறையத் தந்திருக்கிறது. பின்னது பட்டங்களுக்கான ஆய்வேடுகளைத் தந்திருக்கிறது. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்துகொண்டிருக்க, ஏடுகளோ கறையானுக்கும் மழைக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன.

2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகள் நாடெங்கும் நினைவுகூரப்பட்டன. நினைவுகூர்தல் நன்று. ஆனால் எதைக் கொண்டு நினைவுகூர்வது? இருநூறு ஆண்டுக் கால உழைப்பைப் பற்றி எழுத்தில் உள்ளவற்றில் மிகப் பெரும் பகுதி, அவ்வுழைப்பை விலைக்கு வாங்கியவர்களின் கையால் எழுதப்பட்டது. இந்த உண்மையைக் கண்டு அஞ்சுவதும் தவறு. இதை மறந்து அந்த எழுத்தை அப்படியே ஒப்புவதும் தவறு. ஓர் இலக்கியப் படைப்பை விமரிசகன் எவ்வாறு அணுகுகிறானோ, அவ்வாறே இந்த ஏடுகளையும் அணுகவேண்டும். யார் எழுதினார்? யாருக்காக எழுதினார்? எதைச் சொல்லாமல் விட்டார்? எந்த நலனைக் காக்க எழுதினார்? இவ்வினாக்களை ஏடுகளிடம் கேட்பதற்கு, நம் எழுத்தாளர்கள் அதிகம் நாடாத சபரகமுவ மாகாணத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

மலையகம் என்றதும் ஹட்டனையும் நுவரெலியாவையும் நினைப்பதே நம் வழக்கமாகிவிட்டது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளர் நம் இலக்கியத்திலும் ஆராய்ச்சியிலும் ஓரத்திலேயே நிற்கின்றனர். இங்குள்ள தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, வயலையும் சேனையையும் ஒட்டிக் கிடப்பவை. தேயிலையும் இறப்பரும் கலந்த பூமி இது. கோப்பிச் செய்கை நோயால் அழிந்த பின்னர் களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் வந்தது. அவற்றின் பின்னே குறுகிய இருப்புப்பாதை எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர்ந்தது. கொழுந்து பறிப்போரும் பால் வெட்டுவோரும் ஒரே லயத்தில் வாழ்ந்த மாகாணம் இது. அவர்களுடைய கதை பச்சை மலைச்சரிவுகளைப் பற்றிய வருணனைகளுக்குள் அடங்காதது.

இம்மாகாணத்தின் ஏடுகளைத் தேடப் புகுவோர் முதலில் ஓர் எளிய உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். சபரகமுவ 1889இல்தான் மேல் மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமாயிற்று. அதற்கு முற்பட்ட செய்திகளை மேல் மாகாணக் கோப்புகளில் தேடவேண்டும். பின்னர் இரத்தினபுரியில் அரசாங்க அதிபரும் கேகாலையில் உதவி அரசாங்க அதிபரும் இருந்தனர். அவர்களுடைய கடிதப் போக்குவரத்தும், நாட்குறிப்புகளும், ஆண்டுதோறும் அச்சான நிருவாக அறிக்கைகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் தேடத்தக்கவை. தேசாதிபதி இலண்டனுக்கு எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தின் கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற நாட்டு அமைச்சின் 54ஆம் தொடரில் உள்ளன. ஆட்கள் புறப்பட்ட ஊர்களின் செய்திகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடவேண்டும். இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற இந்தியத் தொழிலாளரின் நிலை பற்றி மார்ஜோரிபாங்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் எழுதிய 1917ஆம் ஆண்டின் அறிக்கை சென்னை அரசாங்கத்தைச் சார்ந்தது. தோட்டங்களை நிருவகித்த ஏஜென்சிக் கம்பெனிகளுள் ஒன்றான ஹரிசன்ஸ் அன்ட் குரொஸ்பீல்டின் ஏடுகள் இலண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இப்பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்று புலப்படும். இரத்தினபுரித் தோட்டமொன்றில் பால் வெட்டிய ஒரு பெண்ணின் வாழ்வை அறிய, கொழும்புக்கும் சென்னைக்கும் இலண்டனுக்கும் போகவேண்டியிருக்கிறது! அவளுடைய உழைப்பின் பலன் சென்ற வழியிலேயே அவளைப் பற்றிய எழுத்தும் சென்றிருக்கிறது.

அச்சில் வந்த ஏடுகளை முதலில் நோக்குவோம். பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்டுவந்த இலங்கைக் கையேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு தோட்டத்தின் பெயர், ஏக்கர்க் கணக்கு, உடையவர், துரை ஆகிய விபரங்கள் கிடைக்கும். 1854இல் நிறுவப்பெற்ற தோட்டத்துரைமார் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் ஆட்பற்றாக்குறையைப் பற்றிய முறையீடுகளுக்குக் குறைவில்லை. அங்கெல்லாம் தொழிலாளி ‘லேபர்’ என்ற ஒருமைச் சொல்லாகிவிடுகிறான். மழை குறைந்தது, விலை இறங்கியது, லேபர் போதவில்லை என்று மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

அக்காலத்தில் இம்மாகாணத்தைப் பற்றி அக்கறையோடு எழுதியோர் இல்லாமலில்லை. எச். சி. பி. பெல் கேகாலை மாவட்டத்தைப் பற்றி எழுதி, 1892ஆம் ஆண்டின் அரசாங்க அமர்வுத்தாளாக வந்த அறிக்கை தொல்பொருளியலாளர் இன்றும் மதிக்கும் நூலாகும். விகாரைகளையும் சிதைந்த கல்வெட்டுகளையும் பொறுமையோடு ஆராய்ந்து அவர் எழுதினார். அவர் பணியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும், கல்லில் மங்கிய எழுத்தை வாசிக்க ஓர் அறிஞரை நியமித்த அரசாங்கம், அதே மாவட்டத்தின் லயங்களில் வாழ்ந்தோர் தம் வாழ்வைப் பற்றிச் சொல்வதைக் கேட்டெழுத எவரையும் நியமிக்கவில்லை. எது வரலாறு, எது வெறும் கணக்கு என்ற பாகுபாடு அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

ஆகவே கணக்குக்குள்தான் வரலாற்றைத் தேடவேண்டும். தோட்டத்துச் செக்றோலுக்கு வருகிறோம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். வேலைக்கு வந்தவரின் பேருக்கு நேரே குறியிடப்படும். மாத முடிவில் குறிகள் கூட்டப்பட்டு, நாட்சம்பளத்தால் பெருக்கப்பட்டு, முற்பணமும் அரிசியும் கம்பளியும் பிற கழிவுகளும் போக எஞ்சியது எழுதப்படும். இந்த ஏட்டை நம்மவர்கள் வெறும் எண்களின் குவியல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தோட்டத்துத் தமிழை அறிந்தவர்கள் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள். ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குத் தோட்ட மக்கள் இட்ட பெயரே ‘பேர்’ என்பது. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. வேலைக்குச் சேர்வது ‘பேர் பதிதல்’. ஏட்டில் குறி விழுந்தால்தான் பேர். குறி விழாத நாளில் மனிதனுக்குப் பேரே இல்லை! ஒரு சமுதாய அமைப்பின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நூல் எடுத்துரைத்திருக்கிறது? துரை எழுதிய ஏட்டுக்கு உழைப்பாளர் எழுதிய உரை இந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. ஏட்டையும் சொல்லையும் ஒருங்கே வைத்துப் படிப்பவனே இரண்டையும் விளங்கிக்கொள்வான்.

ஏடு தன்னையறியாமல் சாட்சி சொல்லும் இடங்களும் உண்டு. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1929இல் சம்பள விகிதங்கள் நிர்ணயிக்கப்பட்டன. தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். மத்திய மலைப்பகுதியில் முறையே 52, 41, 31. இந்த வரிசைகளில் ஒரு கோபச் சொல்லும் இல்லை. ஆயினும் பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குதான் பெறும் என்பதையும், பிள்ளைகளின் உழைப்பு அரசாங்கம் அங்கீகரித்த உழைப்பு என்பதையும் அரசாங்கமே கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த விகிதங்களும் 1930களின் பொருளாதார மந்தத்தின்போது குறைக்கப்பட்டன. பிரசங்கியின் ஆயிரம் வசைகளைவிட இந்த எண்கள் வலியவை, மறுக்க முடியாதவை. ‘துரைமார் எழுதியது’ என்று இவற்றை விட்டெறிபவன் தன் கையிலுள்ள ஆயுதத்தையே விட்டெறிபவனாவான்.

‘துண்டு’ என்ற தமிழ்ச் சொல் ஆங்கில அறிக்கைகளில் அப்படியே புகுந்து கிடக்கிறது. குறித்த தொகை கட்டப்பட்டால் இன்ன கங்காணியையும் அவனுடைய ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்குப் போவான். அங்குள்ள துரை கடனைக் கட்டி ஆட்களைப் பெறுவான். சட்டத்தின் மொழியில் இது கடன் மாற்றம்; உண்மையில் ஆள் விற்பனை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. துண்டும் அதனைச் சூழ்ந்த கடன் முறையும் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால்தான் ஒழிக்கப்பட்டன. துண்டைப் பற்றி அரசாங்க அறிக்கைகளில் நடந்த விவாதத்தைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். துண்டினால் ஆளின் ‘விலை’ ஏறுகிறது, ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்தின் ஆட்களை இழுக்கிறது என்பனவே துரைமாரின் பெருங்கவலைகள். கடன் யார் பேரில் எழுதப்பட்டதோ, அவனுக்கு அந்தக் கணக்கு எப்போதாவது வாசித்துக் காட்டப்பட்டதா என்ற கேள்வி அந்த விவாதத்தின் நடுவுக்கு வரவேயில்லை.

இதுவரை கூறியது ஏட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது. ஏடு யார் கையில் இருக்கிறது, அதைக் காட்டும் பொறுப்பு யார் தலையில் சுமத்தப்படுகிறது என்ற வினா இதைவிடக் கூர்மையானது. சபரகமுவவில் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கிராமத்தையும் தோட்டத்தையும் ஒன்றாகவே பார்க்கவேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும், தரிசையும், பயிரிடப்படாத காணிகளையும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று கொண்டது. நிரூபிக்கும் சுமை கிராமத்தவன் மேல் விழுந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய சிங்களக் குடியானவனிடம் அரசாங்கம் உறுதியைக் கேட்டது. நினைவும் வழக்கமும் அவனிடம் இருந்தன, காகிதம் இருக்கவில்லை. முடிக்குரியதாகக் கொள்ளப்பட்ட காணிகள் தோட்டங்களாயின. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் இந்த வேலையை மேலும் எளிதாக்கிற்று.

நூற்றாண்டு ஒன்று கழிந்து 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவுரிமைச் சட்டமும் தோட்டத் தொழிலாளியிடம் காகிதத்தைக் கேட்டன. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும். 12 மாதங்களுக்கு மேற்பட்ட காலம் வெளியே சென்றிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோம். வதிவை நிரூபிக்கத் தொழிலாளியிடம் என்ன இருந்தது? பிறப்பும் இறப்பும் வேலை நாட்களும் எழுதப்பட்ட ஏடுகள் தோட்டக் கந்தோரில் இருந்தன. திறப்பு துரையின் கையில் இருந்தது! 1951 ஆகஸ்டில் முடிந்த கெடுவுக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் போடப்பட்டன. அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோரின் தலைவிதி 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் எண்களாகப் பங்கிடப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்பது முடிவு. நாடற்றோர் என்ற நிலை சட்ட ஏட்டில் இறுதியாக நீங்குவதற்கு 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1840இல் கிராமத்தவனிடம் கேட்ட கேள்வியும் 1949இல் தொழிலாளியிடம் கேட்ட கேள்வியும் ஒன்றே: ‘உன் காகிதம் எங்கே?’ இருவரிடமும் அது இல்லை. காகிதத்தை உண்டாக்கும் அதிகாரம் ஒருபோதும் அவர்கள் கையில் இருந்ததில்லை. இந்த ஒற்றுமையைச் சிங்கள வாசகரும் தமிழ் வாசகரும் காணாதபடி மறைப்பதில் ஆளும் வர்க்கம் பெருவெற்றி கண்டிருக்கிறது. கிராமத்தவன் தன் காணியைத் தோட்டத் தமிழன் பறித்தான் என்று நினைக்கவும், தொழிலாளி தன் வீட்டைக் கிராமத்தவன் பறிக்கிறான் என்று நினைக்கவும் பழக்கப்பட்டனர்.

இந்த முரண்பாடு கேகாலை மாவட்டத்தில் வெளிப்பட்ட இடமே உந்துகொடைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டம். மலையக மக்கள் இதை உருளவள்ளி என்றே அழைத்தனர். போராட்டமும் அப்பெயராலேயே நினைவில் நிற்கிறது. கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் இத்தோட்டத்தைச் சுவீகரித்தது. காணியற்ற கிராமத்தவருக்குக் காணி வழங்குவது நியாயமான நோக்கமே. ஆனால் அங்கு உழைத்து வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு வேறிடம் காட்டப்படவில்லை. வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர். அத்துமீறி நிற்கிறார்கள் என்று குற்ற வழக்குத் தொடரப்பட்டது. 1946 ஜூனில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது.

வழக்கின் போக்கு ஆராய்ச்சியாளர் ஆழ்ந்து கற்கவேண்டியது. நீதவான் மன்றம் தொழிலாளியைக் குற்றவாளியாகக் கண்டது. உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. முடி விடவில்லை; இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை மேன்முறையீடு செய்தது. 1950இல் கோமறைக் கழகமும் முடியின் மேன்முறையீட்டை நிராகரித்தது. தனக்கு உரிமை உண்டென்று மெய்யாக நம்பித் தன் வீட்டில் தங்கியிருப்பவனின் முதன்மையான நோக்கம் அங்கேயே வாழ்வதுதான். பிறருக்குத் தொந்தரவு விளைவது தெரிந்திருந்தாலும் அது மட்டும் அவனைக் குற்றவாளி ஆக்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். குற்றவியல் சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்வழக்கை ‘நோக்கம்’ என்ற கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு லய அறை இருப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

இங்கே மூன்று வகை ஏடுகள் ஒரே மனிதனைப் பற்றிப் பேசுகின்றன. சுவீகரிப்புக் கோப்புக்கு அவன் காலி செய்யப்படவேண்டிய தடை. செக்றோலுக்கு அவன் ஒரு வரிசை. தோட்டம் கைமாறியதும் அந்த வரிசை முடிந்துவிடுகிறது. வழக்கேட்டில் மட்டுமே அவன் வாய் திறக்கிறான்: இது என் வீடு என்கிறான். அவ்வாறு சொன்னது சட்டத்தின்படி தவறான நம்பிக்கையாக இருக்கலாம் என்று கருதிய நீதிபதிகளும் அதைப் பொய்யென்று தள்ளவில்லை. அவனை ஒடுக்கத் தொடங்கிய வழக்கே அவன் குரலைக் காத்துத் தந்திருக்கிறது. விவசாயிகளின் கிளர்ச்சிகளை, அவற்றை அடக்கியவர்களின் அறிக்கைகளிலிருந்தே மீட்டெழுத முடியும் என்று இந்தியாவில் ரணஜித் குஹா 1983இல் வெளியிட்ட நூலில் நிறுவிக் காட்டினார். நம் கேகாலை வழக்கு அதற்கு நல்லதோர் ஈழத்துச் சான்று.

ஆயினும் ஏட்டின் எல்லையை மறந்துவிடலாகாது. எத்தனை கோப்புகளைத் திருப்பினாலும் கிடைக்காதவை உண்டு. பெண்கள் மீது துரையும் கங்காணியும் இழைத்த கொடுமை தோட்டக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதப்படும்? புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’ அந்த வெற்றிடத்தில் கை வைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவனால் கொண்டுசெல்லப்பட்ட மருதியின் கதையை ஆவணமாகக் கொள்ள முடியாது; ஆனால் ஆவணங்களிடம் என்ன கேட்கவேண்டும் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மக்கள் பாடல்களும் அத்தகையன. கங்காணியைப் பற்றி அறிக்கையில் ஒரு கங்காணி, பாடலில் வேறொரு கங்காணி. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்பவன் அரைப்பேர் ஆராய்ச்சிதான் செய்கிறான்.

நம் எழுத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. குமாரி ஜயவர்த்தனா 1972இல் வெளியிட்ட, இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய நூல், ஆட்சியாளரின் ஏடுகளிலிருந்தே உழைப்பாளரின் இயக்கத்தை வெளிக்கொணரலாம் என்பதற்குச் சான்று. தமிழில் சாரல்நாடன், கோ. நடேசய்யரின் வாழ்வையும் ‘தேசபக்தன்’ இதழையும் தேடியெடுத்துப் பதிந்தார். ஆனால் இவற்றின் பின் வந்தோர் பலர் முன்னோர் எடுத்துக்காட்டிய அதே சில வரிகளையே மீண்டும் மீண்டும் எடுத்தாள்கிறார்கள். மூல ஏட்டைத் திறந்து பாராமலே ‘மூல ஏடு கூறுகிறது’ என்று எழுதும் துணிவும் சிலருக்கு இருக்கிறது. எண்ணைத் தருவார்கள், அது எந்த ஆண்டின் எண், எந்தப் பிரதேசத்தின் எண், யாரை எண்ணியது என்று சொல்லமாட்டார்கள். மேல்நாட்டுத் தோட்டத்தின் சம்பளத்தைச் சபரகமுவத் தொழிலாளியின் கையில் வைத்துவிடுவார்கள். உழைப்பாளியின் மேல் அன்பிருந்தால் அவன் கணக்கிலாவது நாணயம் வேண்டாமா?

தேடப் புகும் இளைஞர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்வது பயன்தரும். ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, சிங்களப் பெயர் ஒன்று, தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயர் ஒன்று என மூன்று பெயர்கள் இருக்கலாம். கொழும்பின் அட்டவணையில் உருளவள்ளியைத் தேடினால் கிடைக்காமற் போகலாம், நேவ்ஸ்மியரைத் தேடவேண்டும். முதியோரிடம் போய்ப் பெயர்களைக் கேட்டெழுதிக்கொண்டே ஏட்டறைக்குள் நுழையவேண்டும். ஆளின் பெயரும் அப்படியே. ஆங்கிலக் காதுக்கு எட்டியவாறு எழுதப்பட்ட ஒரே பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் வேறு எழுத்துக்கூட்டலில் நிற்கும். எழுத்துப் பிழையால் பிரசாவுரிமை இழந்தவர்களின் நாட்டில் இது சிறு செய்தியன்று. கோப்பின் மேலுறையை மட்டும் பார்த்துத் திருப்பி வைத்துவிடாமல் அதனோடு இணைத்துக் கட்டிய காகிதங்களையும் பார்க்கவேண்டும். மக்கள் எழுதுவித்த பெட்டிசங்கள் அங்கேதான் கிடக்கும். அதிகாரி ஓரத்தில் கிறுக்கிய நாலு சொல், அச்சான அறிக்கையின் நாற்பது பக்கத்தைவிட உண்மை பேசும் சமயமும் உண்டு. இவற்றோடு சிங்களம் கற்றல் அவசியம். சபரகமுவவின் வரலாற்றில் பாதி கிராமத்தவரின் பெட்டிசங்களில் இருக்கிறது. அதை வாசிக்க முடியாத தமிழ் ஆராய்ச்சியாளன் பாதிக் குருடன். தோட்டத்துத் தமிழை அறியாத சிங்கள ஆராய்ச்சியாளனும் அவ்வாறே.

இனி, ஏடுகளின் கதி. 1972இலும் 1975இலும் செய்யப்பட்ட காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசாங்கத்தின் வசமாயின. 1992இல் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குக் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் இலாபநட்டக் கணக்கு பத்திரமாக ஒப்படைக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய செக்றோலையும் பிறப்புப் பதிவையும் பத்திரப்படுத்துவதில் யாருக்கு இலாபம்? மற்றொரு பக்கம், 1977இலும் 1981இலும் இம்மாகாணத்தில் தமிழர் மீது வன்செயல்கள் நடந்தன. லயங்கள் எரிந்தபோது பெட்டிக்குள் துணியோடு வைத்திருந்த பிறப்புச் சான்றும் எரிந்தது. வீட்டிலிருந்த காகிதம் எரிய, கந்தோரிலிருந்த காகிதம் மட்க, மனிதன் எதைக் கொண்டு தன்னை நிறுவுவான்? காணிக்கும் வீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் இன்றும் அவன் காகிதம் காட்டவேண்டியவனாகவே இருக்கிறான். அவன் வாழும் லய அறைக்கு உறுதியும் இல்லை.

1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் கூடச் சட்டம் அரசாங்க அலுவலகங்களின் ஏடுகளைக் காக்கும் பொருட்டு எழுந்தது. தோட்டக் கந்தோரின் ஏடு கம்பெனியின் சொந்தச் சரக்கு என்று ஒதுக்கும் வாதத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. தோட்டக் காணி அரசுடையது, கம்பெனிகள் குத்தகைக்காரரே. பதினேழு ஆண்டுகள் அந்த ஏடுகள் அரசாங்கக் கூட்டுத்தாபனங்களின் கையில் இருந்தன. அவற்றில் எழுதப்பட்டிருப்போரோ இந்நாட்டுப் பிரசைகள். ஆகவே சபரகமுவத் தோட்டங்களின் செக்றோல்களும், பிறப்பு இறப்புப் பதிவுகளும், கடிதக் கட்டுகளும் பொது ஏடுகளாகக் கணிக்கப்பட்டு, பிரதி எடுக்கப்பட்டு, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அவற்றில் பேர் உள்ளோரின் பேரப்பிள்ளைகள் கேட்டுப் பார்க்கும்படி வைக்கப்படல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் கேட்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி விண்ணப்பம் எழுத நம் ஆசிரியர்களும் மாணவர்களும் முன்வரவேண்டும்.

எழுத்தாளர்களுக்கும் இதில் பங்குண்டு. தோட்டத்தைக் களமாகக் கொண்டு நாவல் எழுதுபவர் ஒரு மாதத்துச் செக்றோலை வரிவரியாகப் படித்துவிட்டு எழுதட்டும். ஆய்வேடு எழுதுபவர் ஒரு மாதம் லயத்தில் கேட்டுவிட்டு எழுதட்டும். துரை தன் இலாபத்துக்காக எழுதிவைத்த கணக்கை, உழைத்தவன் தன் உரிமைக்காக எடுத்து வாசிக்கும் காலம் வந்தேதான் தீரும். அன்று அவன் நீட்டும் கைக்கு ஏடு எஞ்சியிருக்கவேண்டும் என்பதே இன்று நம் முன்னுள்ள வேலை.